ஊசி குத்திக்கொள்ளப் போனதைப் பற்றி

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். குட்டிப் பயலுக்குச் சளி விட்டதா? இங்கே சித்திரை பிறந்ததிலிருந்து வெயில் மண்டையைப் பிளக்கிறது.

வியாழக்கிழமை நீ போனில் கோபமாகப் பேசிவிட்டு வைத்த பிறகு அம்மா என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. "பொண்ணுகிட்ட மறைச்சீங்கல்ல, நல்லா வாங்கிக்கட்டிக்குங்க" என்று ஒரே வார்த்தை. மறைத்தது தப்புதான் பாப்பா. மாசி மாசத்திலிருந்து பன்னிரண்டு தடவை அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்ளப் போயிருக்கிறேன், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாய் என்று நினைத்தேன். இப்போது பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது. போனில் உனக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஐப்பசியில் எனக்கு அக்கி வந்தது உனக்குத் தெரியும். எப்படி வந்தது என்று முழுசாகச் சொன்னதில்லை. இடது பக்கம், முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஆரம்பித்து, விலாவைச் சுற்றி முன்பக்கம் நெஞ்சு வரைக்கும் ஒரு சாண் அகலத்துக்கு முதல் இரண்டு நாள் எரிச்சல் மட்டும்தான். வாயு என்று நினைத்துப் பூண்டு சுட்டுத் தின்றேன். மூன்றாம் நாள் கொப்புளம் போட்டது. அம்மா பார்த்தவுடனே அக்கி என்று சொல்லிவிட்டாள். மறுநாள் விடியற்காலை அரசலாற்றுப் பக்கம் இருக்கிற, அக்கி எழுதுகிற வேளார் வீட்டுக்குப் போனோம். அவர் காவிக் கட்டியைக் கல்லில் உரைத்து, இறகால் தொட்டு எழுதினார். வெற்றிலை பாக்கோடு வைத்த சில்லறையைத் தவிர வேறு காசு வாங்கவில்லை. எழுதிய இடம் ஈரம் காயும் வரை குளுகுளுவென்று இருந்தது. மூன்று நாள் போனேன். அந்த மனுஷர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வருத்தமெல்லாம் அந்த நாட்கள் மேல்தான்.

அக்கிக்கு வைரஸ் மாத்திரை இருக்கிறது, அதைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது என்று பெரியாஸ்பத்திரித் தோல் டாக்டர் சொன்னபோது எனக்குக் கொப்புளம் கிளம்பி ஐந்தாவது நாள். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். முன்னாடியே வந்திருந்தால் கொப்புளமும் அப்போதைய வலியும் சீக்கிரம் அடங்கியிருக்கும் என்றார். பின்னால் நரம்பு வலி வந்தபோது, அதையும் அந்த மாத்திரை தடுத்திருக்குமா என்று கேட்டேன். அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அப்படிச் சொன்னதில் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

எனக்கு எட்டு வயதில் சின்னம்மை வந்து வேப்பிலையில் படுத்திருந்தேன். அதே வைரஸ்தானாம். அம்மை இறங்கின பிறகும் அது உடம்பை விட்டுப் போகாமல் முதுகெலும்பு ஓரத்தில் நரம்பு வேரில் ஒளிந்துகொள்ளும். வயசாகி எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் அந்த ஒரு நரம்பு வழியாகவே வெளியே வரும். அதனால்தான் அக்கி அநேகமாக எப்போதும் ஒரே பக்கமாக, பட்டை போட்ட மாதிரி வருகிறது. சீனாக்காரர்கள் இதை இடுப்பைச் சுற்றிய நெருப்பு என்கிற மாதிரி ஒரு பெயரால் சொல்வார்களாம். நம் அக்கியும் அக்கினியிலிருந்து வந்த சொல் என்றுதான் சொல்வார்கள். அனுபவித்தவர்கள் வைத்த பெயர்.

கொப்புளம் ஒரு மாசத்தில் காய்ந்து உதிர்ந்தது. வலி உதிரவில்லை. பொங்கல் வந்தது, தைப்பூசம் வந்தது, அது அப்படியே இருந்தது. மூன்று மாசம் தாண்டினால் அது அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலி, அறுபது தாண்டினவர்களுக்குத்தான் இது அதிகம் என்றார்கள். அந்த வலியை உனக்கு எப்படிச் சொல்வது? அடிபட்ட வலி இல்லை. நிலத்தடி கேபிளில் இன்சுலேஷன் போனால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். சும்மா இருக்கும்போதே கசியும், லேசாக ஈரம் பட்டால் தீப்பொறி பறக்கும். என் விலாவில் அந்த மாதிரிதான். அழுத்திப் பிடித்தால் பொறுத்துக்கொள்ள முடிகிறது, மெல்லத் தொட்டால் உயிர் போகிறது. ஃபேன் காற்று பட்டால் சுரீர் என்கிறது. சட்டை போட முடியவில்லை. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை நாலைந்து தடவை கஞ்சியில்லாமல் அலசி, கிழித்து, கையில்லாத பனியன் மாதிரி ஒன்று தைத்தாள். தையல் மடிப்பு உடம்பில் உரசக் கூடாது என்று மடிப்பையெல்லாம் வெளிப்பக்கம் வைத்துத் தைத்தாள். பார்த்தால் திருப்பிப் போட்டிருக்கிற மாதிரி இருக்கும். வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் துண்டு போர்த்தியிருந்ததற்கு அதுதான் காரணம்.

மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி பிரிகாபலின் 75. கூட அமிட்ரிப்டிலின் 10. வலி பத்துக்கு எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியது. ஆனால் வாய் காய்ந்து, காலையில் தலை கிறுகிறு என்று வந்து, ஒரு நாள் பாத்ரூம் நிலைப்படியில் தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுந்திருந்தால் இடுப்பு போயிருக்கும். டாக்டர் அந்த அமிட்ரிப்டிலினை நிறுத்திவிட்டார். வலிக்கு அதற்கு மேல் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஊசிப் பேச்சு வந்தது.

மாத்திரையே வேண்டாம் என்கிற ஹீலர் யாரிடமோ போய்விட்டேன் என்று நினைத்து நீ கொதிக்கிறாய். இல்லை. இவர் இயற்கை மருத்துவத்தில் பி.என்.ஒய்.எஸ். படித்த பெண் டாக்டர். ஐந்தரை வருஷப் படிப்பு, அதில் அக்குபங்சரும் ஒரு பாடம். முதல் நாள் ஒரு ஊசியும் எடுக்கவில்லை. என் மருந்துச் சீட்டையெல்லாம் வாங்கிப் படித்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். "இது மாத்திரைக்குப் பதில் இல்லைங்க ஐயா, மாத்திரையோட சேர்த்துத்தான். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. பத்துத் தடவைக்குள்ள ஒண்ணும் தெரியலைன்னா நானே வேண்டாம்னு சொல்லிடுவேன்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நம்பினேன்.

ஊசி என்றதும் நீ மருந்து ஏற்றுகிற ஊசியை நினைத்துக்கொள்ளாதே. இது தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்குதான் தடிமன், கால் மில்லிமீட்டர். உள்ளே ஓட்டை கிடையாது, மருந்து கிடையாது. ஒவ்வொன்றும் தனி உறையில் வரும், என் கண் முன்னால் பிரித்து, முடிந்ததும் என் கண் முன்னாலேயே ஊசி டப்பாவில் போடுவார். ஒரு சின்னக் குழாய்க்குள் வைத்துத் தலையில் லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான், உள்ளே போனது தெரியாது. அப்புறம் விரலால் மெல்லத் திருகும்போது ஒரு கனம் வரும், மரத்துப்போன மாதிரி, உள்ளே யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி. அது வந்ததா என்று கேட்டுக் கேட்டுச் செய்வார்.

வலிக்கிற பட்டை மேல் குத்தவில்லை. அந்த விலா எலும்பு கிளம்புகிற மட்டத்தில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், பட்டையின் ஓரத்தைச் சுற்றி இங்கொன்றும் அங்கொன்றும், கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம். நெஞ்சுப் பக்கம் மட்டும் ரொம்பச் சாய்த்து, மேலாகத்தான் போடுவார். கீழே நுரையீரல் இருக்கிறது, ஆழமாகப் போனால் அதில் ஓட்டை விழுந்து காற்று கசிந்துவிடும், அபூர்வம்தான் ஆனால் நடந்திருக்கிறது என்று மறைக்காமல் சொன்னார். அந்த இடத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "தொடலாமா ஐயா?" என்று கேட்பார். நாலு மாசமாக யாரும் தொடாத இடம் பாப்பா. நானே சோப்புப் போட மாட்டேன். அங்கே ஒருத்தர் பதறாமல் கை வைத்ததில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

முதுகில் இரண்டு ஊசிக்கு மட்டும் கிளிப் மாட்டி ஒரு சின்னப் பெட்டியில் இணைத்தார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, எழுந்து பார்க்கவும் முடியாது. கேட்டேன். பேட்டரிப் பெட்டி, ஒரு திருகில் விசை, இன்னொரு திருகில் வேகம். நொடிக்கு இரண்டு துடிப்பு வைத்திருந்தார். சீனாவில் ஹான் ஜிஷெங் என்கிற விஞ்ஞானி பல வருஷம் ஆராய்ந்து பார்த்ததில், நொடிக்கு இரண்டு துடிப்பு விட்டால் உடம்பு ஒரு வகை வலி மறப்பு ரசாயனத்தையும், நூறு விட்டால் வேறொரு வகையையும் சுரக்கிறது என்று கண்டாராம். அபின் செய்கிற வேலையை உடம்பே தனக்குத்தானே செய்துகொள்கிற ரசாயனங்கள். 1965இல் மெல்சாக், வால் என்று இரண்டு பேர், தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது, வேறு உணர்ச்சி உள்ளே வந்தால் அந்தக் கதவு வலிக்குக் கொஞ்சம் சாத்திக்கொள்ளும் என்று சொன்னார்கள். அதையும் சொன்னார். ஆயுளெல்லாம் மின்சார சப்ஸ்டேஷனில் ரிலேவோடும் பிரேக்கரோடும் இருந்தவனுக்கு இது புரியாதா?

இப்போது என் நோட்டைப் பற்றி. சப்ஸ்டேஷனில் 33 வருஷம் மணிக்கொரு தரம் வோல்ட்டும் ஆம்பியரும் லாக் ஷீட்டில் எழுதினவன் சும்மா இருப்பேனா? தை மாசத்திலிருந்து தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு வலி எத்தனை என்று பத்துக்கு மார்க் போட்டு எழுதுகிறேன். ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்தது என்பதும் இருக்கிறது. ஊசி ஆரம்பித்த வாரம் 6, 7, 6, 6. நாலு தடவை போய் வந்தும் ஒரு மாற்றமும் இல்லை, பணம் தண்டம் என்று அம்மாவிடம் சொன்னேன். ஐந்தாவது தடவை போன அன்று ராத்திரி படுத்தவன் விடிகாலை நாலு மணிக்குத்தான் கண் முழித்தேன். அம்மா பயந்துபோய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாளாம். பங்குனிக் கடைசியில் நோட்டில் 4 என்று இருக்கிறது. முழிப்பு நாலு தடவையிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்கிறது. ஊசி முடிந்து மூன்று வாரம் ஆச்சு, 4தான், சில நாள் 5.

ஆனால் அதே நோட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது. மாசி முதல் வாரத்தில்தான் பிரிகாபலினை ராத்திரி ஒரு வேளையிலிருந்து காலை, ராத்திரி என்று இரண்டு வேளை ஆக்கினார்கள். போதாததற்கு, இந்த வலி நிறையப் பேருக்கு நாளாக நாளாகத் தானாகவே தேயவும் செய்யும். மூன்று ஸ்விட்சையும் ஒன்றாகப் போட்டுவிட்டு எந்த ஸ்விட்சால் விளக்கு எரிந்தது என்று நான் உன்னிடம் சத்தியம் செய்ய முடியாது. ஊசியால்தான் குறைந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்ல மாட்டேன்.

நீ அனுப்பிய, மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடை போடுகிற காக்ரேன் தொகுப்பை எதிர்வீட்டுத் தம்பியை உட்கார வைத்து வரி வரியாகப் படித்தேன். 2017இல் வந்தது. நாள்பட்ட நரம்பு வலி உள்ள பெரியவர்களுக்கு அக்குபங்சர் பயன்படுமா என்று தேடியதில் 6 ஆய்வுதான் தேறியிருக்கிறது, எல்லாம் சேர்த்து 462 பேர். அதுவும் எல்லாம் சின்னச் சின்ன ஆய்வு. பயன்படும் என்று சொல்லவும் சான்று போதாது, பயன்படாது என்று சொல்லவும் போதாது என்று முடித்திருக்கிறார்கள். நீ அதை "ஒண்ணும் ஆகாது" என்று படித்திருக்கிறாய். எனக்கு அப்படிப் படவில்லை. மீட்டரே இல்லாத லைனில் லோடு எவ்வளவு என்று கேட்டால், ஜீரோ என்றா சொல்வது?

அப்புறம் உன் ஆபீஸில் ஒருத்தர் முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொள்கிறார், இன்ஷூரன்ஸே பணம் கட்டுகிறது என்று முன்பு நீதான் சொன்னாய். அங்கே ஜெர்மனியில் நடந்த பெரிய சோதனைகளுக்குப் பிறகு, முட்டித் தேய்மானத்துக்கும் நாள்பட்ட இடுப்பு வலிக்கும் 2007 முதல் அரசு இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது. நரம்பு வலி அதில் இல்லை. அந்தச் சோதனையில் இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேர். சரியான இடத்தில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2. மாத்திரை, பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் செய்தவர்களில் 27.4. இந்த மூன்று எண்ணையும் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் சீனப் புள்ளிக் கணக்கு அவ்வளவு முக்கியம் இல்லை போலிருக்கிறது. ஆனால் இரண்டுமே மூன்றாவதை விட எவ்வளவோ மேல். என் முறையில் எது வேலை செய்தது? குத்தின இடமா, குத்தியதா, அரை மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு அமைதியாகப் படுக்க வைத்ததா, "தொடலாமா ஐயா" என்று கேட்டதா? எதுவாக இருந்தாலும் அந்தத் தூக்கம் பொய் இல்லை.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தெரு மாமாவுக்கு நடந்தது உன் கண்ணிலேயே நிற்கிறது. சர்க்கரைக்காரர். கால் எரிச்சலுக்கு ஹீலர் என்று சொல்லிக்கொண்ட ஒருத்தரிடம் போனார். மாத்திரைதான் நோயை உண்டாக்குகிறது, எல்லாவற்றையும் நிறுத்து, கழிவு தானாக வெளியேறும் என்று அந்த ஆள் சொன்னார். எட்டு மாசம் மாத்திரை இல்லை, சர்க்கரையும் பார்க்கவில்லை. காலில் உணர்ச்சி இல்லாததால் செருப்பில் ஆணி ஏறினதே தெரியாமல் ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். பெருவிரலோடு இன்னொரு விரலும் போயிற்று. அந்த ஆள் அவர் உடம்பில் ஊசி கூடப் போடவில்லை, விரலால் தொட்டதோடு சரி. மாமாவின் விரலைப் பறித்தது "நிறுத்து" என்கிற அந்த ஒரு சொல். இப்படிச் சொல்கிற எவனும் எந்தப் பலகை மாட்டிக்கொண்டிருந்தாலும் நம் வீட்டுப் படி ஏறக் கூடாது. இந்த விஷயத்தில் உனக்கு இருக்கிற கோபத்தை விட எனக்கு அதிகம். மருத்துவமனையில் அவர் பக்கத்தில் ராத்திரி படுத்திருந்தவன் நான்.

அம்மாவுக்கும் ஒரு வருஷமாக உள்ளங்கால் எரிகிறது. எனக்குத் தூக்கம் வந்ததைப் பார்த்ததும் நானும் ஊசிக்கு வரேன் என்று கிளம்பினாள். முதலில் காரணம் தெரியட்டும் என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன். பதினாலு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். அது நாள்பட்டால் பி12 சத்தைக் குறைக்கும், பி12 குறைந்தாலும் நரம்பு இப்படித்தான் எரியும். அந்த ஊசி டாக்டரே ரத்தம் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பார்த்தால் பி12 நன்றாகவே குறைந்திருந்தது. இரண்டு வாரமாக அதற்கு மருந்து ஊசி போடுகிறார்கள். சர்க்கரை டாக்டர் நைலான் இழையால் பாதத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சி இருக்கிறது. ஆனாலும் சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குள் செருப்பா என்று சண்டை போட்டுவிட்டு இப்போது போட்டுக்கொள்கிறாள்.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். சென்னையில் வலிக்கென்று இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிப் பணம் அனுப்புகிறேன் என்றாயே, அது எனக்கு வேண்டாம். நாலில் என்னால் வாழ முடிகிறது. காலையில் காவேரிக்கரை வரை நடக்கிறேன், நேற்று சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் வந்தேன். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு அக்கித் தடுப்பூசி போட வேண்டும். 2023லிருந்து நம் நாட்டிலும் கிடைக்கிறது, ஷிங்ரிக்ஸ் என்று பெயர். ஐம்பது வயது தாண்டினவர்களுக்கு இரண்டு டோஸ், இரண்டு மாசத்திலிருந்து ஆறு மாசத்துக்குள் இரண்டாவதைப் போட்டுவிட வேண்டும். உயிருள்ள வைரஸ் அதில் இல்லை. கை வலியும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் வரும் என்றார்கள். சோதனைகளில் 90 சதவீதத்துக்கு மேல் அக்கி வராமல் தடுத்திருக்கிறது. மெடிக்கலில் விலை விசாரித்தேன், என் பென்ஷனுக்குப் பெரிய தொகைதான். சர்க்கரை இருக்கிறவளுக்கு அக்கி வர வாய்ப்பு இன்னும் அதிகம். சின்ன வயதில் அவளுக்கும் அம்மை போட்டிருக்கிறது, அவள் முதுகிலும் அது எங்கேயோ ஒளிந்துகொண்டுதான் இருக்கும். எனக்கு மடிப்பை வெளியே வைத்துத் தைத்துக் கொடுக்க அவள் இருந்தாள். அவளுக்கு வந்தால் எனக்குத் தைக்கத் தெரியாது.

அவளிடம் சொன்னால் இவ்வளவு காசா என்று மறுத்துவிடுவாள். நீ சொன்னால்தான் கேட்பாள். முதல் டோஸை ஜூன் மாசம் போட்டுவிடலாம். ஆகஸ்டில் நீங்கள் லீவுக்கு வரும்போது இரண்டாவது. நீ பக்கத்தில் இருந்தால் அந்த இரண்டு நாள் காய்ச்சலை அவள் பெரிதாக நினைக்க மாட்டாள். எனக்கும் போடலாமா, எப்போது போடலாம் என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நோட்டின் எல்லாப் பக்கத்தையும் எதிர்வீட்டுத் தம்பி போட்டோ எடுத்து நாளைக்கு உனக்கு அனுப்புவான். மாப்பிள்ளையிடமும் காட்டு. சனிக்கிழமை போன் பண்ணு, முதலில் அம்மாவிடம் பேசு.

அன்புடன்
அப்பா